மூடுபனி என்று சொல்லக்கூடாது

வெரோனா ஹுடாக்கின் கண்ணுக்குத் தப்பி ஒரு கெட்ட போல்ட் வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது. ஆஷ்போர்ட் ஏரிக்கரைத் தொழிற்சாலையில், ஓடும் பட்டையின் முன்னால் உட்கார்ந்து, விமானத்துக்குப் போகிற போல்ட்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. மரை தேய்ந்தது, தலை கோணியது, மயிரிழை விரிசல் விட்டது எல்லாம் அவள் விரல் பட்டு ஓரத் தொட்டியில் விழும். கணக்குக் குறைகிறதே என்று மேஸ்திரி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"இதுலே எந்தப் பையன் ஏறிப் பறக்கப் போறானோ. நீங்க வேணா கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, நான் அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் இம்ரோ, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தில், ஆஷ்போர்ட் ஆங்கர்ஸ் அணியின் ஆட்டக்காரன். சம்பளத்துக்குத்தான் ஆடினான், ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பி யாரும் கொழுத்துவிட முடியாது. வாரநாளில் கப்பல் பட்டறையில் கொதிகலனுக்கு ஆணி அடிப்பான், மாலையில் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். அது 1943. இளவட்டங்கள் எல்லாம் போருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒருத்தனுக்கு ஒரு காது கேட்காது, ஒருத்தனுக்குத் தட்டைப் பாதம். இம்ரோவுக்கு முப்பத்தாறு வயது, இடது முட்டி சரியாக மடங்காது. அந்த முட்டியைப் பார்த்து ராணுவம் கைவிரித்தது. அணியின் முதலாளி மட்டும், "மடங்காட்டி என்னய்யா, சாயாம நின்னாப் போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவன் நின்ற இடம் நடுவரிசை. எதிரியின் மூச்சுக்காற்று முகத்தில் அடிக்கிற இடம். பந்து அங்கே வரவே வராது. எதிராளி பந்தோடு பாய்ந்தால் முதலில் மறிப்பவன் இம்ரோ, அவன் மேல் ஐந்து பேர் விழுவார்கள். குவியலின் உச்சியில் இருப்பவன் பேர் ரேடியோவில் வரும். அடியில் கிடப்பவனை யார் பார்த்தார்கள்?

இம்ரோ அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கவலைப்பட்டவர் அவன் அப்பா கிரெகோர். பன்னிரண்டு மைல் தள்ளி, மேட்டு மேல் இருக்கிற ஃபர்னஸ் ஹில்லில் முப்பது வருஷம் எஃகு உலையில் வெந்தவர். வளர்ந்த ஆம்பிளை சேற்றில் உருள்வதை ஒரு தொழில் என்று அவர் ஒத்துக்கொண்டதில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல், அங்கே குடியேறிய ஸ்லோவாக்கியர்களின் சங்கத்துக்குப் போய், ரேடியோவுக்கு மிக அருகில் நாற்காலி போட்டுக்கொள்வார். மூன்று மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்துவிட்டு, வெறுங்கையாக வீடு திரும்புவார்.

"உன் மகன் ஆடுறானா, இல்லே தண்ணி வாளி தூக்குறானா?" என்று சங்கத்தில் எல்லாரும் வாயைக் கிளறுவார்கள். அவரும் அதையே வெரோனாவிடம் கேட்டார்.

"நிஜத்தைச் சொல்லு பொண்ணு. அவன் உள்ளே நிக்கிறானா, வெளியே நிக்கிறானா?"

"உள்ளேதான் மாமா. ஒரு நிமிஷம்கூட வெளியே வர்றதில்லே."

"அப்புறம் ஏன் பேரு வரலே?"

இந்தக் கேள்வி வெரோனாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இந்தப் பருவத்தோடு இம்ரோ ஆட்டத்தை விடப்போகிறான். முட்டி அதற்கு மேல் தாங்காது. அதற்குள் ஒரே ஒரு தடவை, நல்லவிதமாக, அவன் பேர் ரேடியோவில் வரவேண்டும், அதை அவன் அப்பா கேட்கவேண்டும். வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேரைச் சொல்லவைக்கிற இடத்தில் அவளேதான் உட்கார்ந்திருந்தாள். வர்ணனையாளர் கிளைட் வெனபிளுக்கு ஆளை அடையாளம் காட்டிக்கொண்டிருந்த பையன் கடற்படைக்குப் போய்விட்டான். ஓடுகிற பட்டையில் கெட்ட போல்ட்டைப் பொறுக்குகிறவளுக்கு ஓடுகிற ஆளைத் தெரியாதா என்று வெரோனாவைக் கூப்பிட்டார்கள். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு தக்கைப் பலகை, அதில் இருபத்திரண்டு பேர்கள். பந்தை எடுத்தவன் பேரில் அவள் குண்டூசியைக் குத்துவாள். வெனபிள் அதைப் பார்த்துப் பேசுவார்.

"ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுக்காரர்னு சலுகை கிடையாது" என்று முதல் நாளே சொன்னார்.

"போல்ட்டுக்கே காட்டாத சலுகையை இவருக்கா காட்டப் போறேன்?" என்றாள்.

வாய்விட்டுச் சொன்னதற்கு அக்டோபரில் சோதனை வந்தது. எதிராளியின் சட்டையை யாரோ பிடித்து இழுத்தான் என்று நடுவர் ஊதினார். தண்டனையாக அணி பதினைந்து கஜம் பின்வாங்கவேண்டும், கைக்கு வந்த ஆட்டமும் போச்சு. "யாரு, யாரு?" என்று வெனபிள் கையை ஆட்டினார். பன்னிரண்டு பேர் புரண்டுகொண்டிருந்த அந்தச் சேற்றில் யார் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பேரில் குத்தியிருக்கலாம், தெரியவில்லை என்றிருக்கலாம். அவள் இம்ரோ பேரில் நறுக்கென்று குத்தினாள். "ஹுடாக்! சட்டையைப் பிடித்து இழுத்தவர் ஹுடாக்!" என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி முழங்கினார் வெனபிள்.

அதுவரை அந்தப் பேர் ரேடியோவில் வந்தது அந்த ஒரே தடவைதான். சங்கத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறியதாம். கிரெகோருக்குச் 'சட்டைப்பிடியன் அப்பன்' என்று பேரே வைத்துவிட்டார்கள். மனுஷர் இரண்டு வாரம் மகன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இம்ரோ மட்டும் அன்று முட்டைக்கோசு சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, "எப்படியோ பேரு வந்துச்சில்லே" என்றான்.

"கோவமா?"

"இழுத்தது நான்தானே. அழுத்தமா குத்தினியா?"

"பலகையே ஓட்டையாயிடுச்சு."

"அப்ப சரி" என்று இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டான். இந்த மனுஷனுக்காக ஒரு நாள் நல்ல ஊசி குத்தாமல் விடுவதில்லை என்று அவள் அடுப்படியில் நின்றே தீர்மானித்துக்கொண்டாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு, கடைசி ஆட்டம். டிரென்ட்வில் ரேஞ்சர்ஸ் வந்திருந்தார்கள். மைதானம் ஏரியை ஒட்டியது. முதல் பாதியில் ஏரி பாட்டுக்கு ஏரியாக இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் நீர்மேல் இருந்து மூடுபனி எழுந்து, வேலியைத் தாண்டி, மைதானத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. உச்சியில் இருந்த ரேடியோ கூண்டிலிருந்து பார்த்தால் கீழே ஒரே வெள்ளை. ஆளும் இல்லை, பந்தும் இல்லை.

போர்க்காலச் சட்டம் வேறு. வானிலை ராணுவ ரகசியம். மழை, வெயில், காற்று, பனி எதுவும் ரேடியோவில் வாய் தவறிக்கூட வரக்கூடாது. ரேடியோ நிலைய மேலாளர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"கிளைட், அந்த வார்த்தை வந்துச்சுன்னா நாளைக்கே நிலையத்தை இழுத்து மூடிருவாங்க."

"மூக்கு நுனியே தெரியலே சார். நான் எதைப் பார்த்துச் சொல்றது?"

"எதையாவது சொல்லு. தெரியலேன்னும் சொல்லாதே. ஏன் தெரியலேன்னு கேப்பாங்க."

வெனபிள் பாவம், பேண்டு வாத்தியத்தைப் பற்றி நான்கு நிமிஷம் பேசினார். ரசிகர்களின் தொப்பிகளைப் பற்றிப் பேசினார். வெரோனா பலகையைப் பார்த்தாள், வெள்ளையைப் பார்த்தாள், கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கீழே பயிற்சியாளர் பெஞ்சிலே ஒரு டெலிபோன் இருக்கில்லே? கோட்டோரமா நின்னு நான் சொல்றேன். நீங்களே குத்திக்குங்க."

கீழே இறங்கியதும் அவளுக்கு உயிர் வந்தது. பத்து கஜம் வரை நிழல் தெரிந்தது. மிச்சத்துக்கு நடை இருக்கிறது, இருமல் இருக்கிறது. டூலி என்றால் குதிகால் தரையில் படாது. அவன்தான் அணியின் நட்சத்திரம், பேப்பர்க்காரர்களின் செல்லம். காது கேட்காதவன் எல்லாவற்றையும் கத்திச் சொல்வான். நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு கோட்டோரமாக நடந்து நடந்து சொன்னாள். மேலே வெனபிள் பளிங்கில் பார்ப்பது போல வெளுத்து வாங்கினார். இந்த மாதிரித் தெளிவாக அவர் பருவம் முழுவதும் பேசியதில்லை.

இரண்டு நிமிஷம் பாக்கி. ரேஞ்சர்ஸ் பத்து, ஆங்கர்ஸ் ஏழு. பந்து ரேஞ்சர்ஸ் கையில். அவ்வளவுதான் என்று ஜனங்கள் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளே எலும்பு மோதும் சத்தம் கேட்டது. "பந்து, பந்து!" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். டூலி பனியைக் கிழித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே பறந்தான், ரேஞ்சர்ஸ் மொத்தப் பேரும் அவன் பின்னால் பறந்தார்கள். பந்து விழுந்தால் டூலி கையில்தானே இருக்கும்? டூலி கையில் காற்றுதான் இருந்தது. அவனே பந்தைத் தேடித்தான் ஓடிக்கொண்டிருந்தான்.

வெரோனாவின் முன்னால், கை எட்டும் தூரத்தில், வேறொரு உருவம் வந்தது. இடது கால் மடங்காமல் விறைத்து விறைத்து வந்தது. வயிற்றோடு எதையோ அணைத்திருந்தது.

"வெரோனா?" என்றான் இம்ரோ, மூச்சு வாங்க. "நீயா? பந்து என்கிட்டே இருக்கு. எந்தப் பக்கம் போகணும்?"

"நேரா. உன் வலது காலுகிட்டே வெள்ளைக் கோடு இருக்கு பாரு. அதை ஒட்டியே போ."

"துரத்துறாங்களா?"

"ஒருத்தனும் வரலே. கோட்டை மட்டும் மிதிச்சுடாதே."

அவன் போனான். ஓடினான் என்று சொன்னால் ஓட்டம் கோபித்துக்கொள்ளும். நாற்பது கஜத்தை ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போகிறவன் வேகத்தில் கடந்தான். அவளும் ஒயரோடு கூடவே நடந்தாள். ஒயர் தீர்ந்த இடத்தில் அவன் பனிக்குள் மறைந்தான். விசில் ஊதியது. பனிக்குள் நடுவரின் இரண்டு கையும் மேலே போவது மங்கலாகத் தெரிந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான், ஆறு புள்ளி. டச்டவுன்.

"யாரு?" டெலிபோனில் வெனபிள் அலறினார். "இங்கே எல்லாரும் டூலிங்கிறாங்க. டூலிதானே?"

"ஹுடாக்."

சொன்ன பிறகுதான் வெரோனாவுக்கே உறைத்தது. இத்தனை நாள் காத்திருந்து, கடைசி ஆட்டத்தில், யாருமே பார்க்காத நேரத்தில் வீட்டுக்காரன் பேரைச் சொல்கிறாள். வெனபிள் இடத்தில் தான் இருந்தால் நம்புவாளா என்று நினைத்துப் பார்த்தாள். நம்பமாட்டாள்.

"வெரோனா, ஊரே கேட்டுட்டிருக்கு. நிச்சயமா தெரியுமா?"

"அக்டோபர்லே சட்டையை இழுத்தது யாருன்னு நிச்சயமா தெரிஞ்சுது. அதே மாதிரி தெரியும்."

வெனபிள் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைதானத்து ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் மேலிருந்து கீழே கேட்டது. "ஹுடாக்! இம்ரோ ஹுடாக்! டச்டவுன், ஹுடாக்!" ஆறு தடவை சொன்னார். வெரோனா டெலிபோனை மார்போடு சேர்த்துக்கொண்டு, நடுமைதானத்தின் ஓரத்தில் நின்று, வெட்கமில்லாமல் அழுதாள். பயிற்சியாளர், "அம்மா, அந்த டெலிபோன் எனக்கு வேணும்" என்று இரண்டு தடவை சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

வானிலைத் தடை, எதிரி உடனே கேட்டுவிடுகிற ரேடியோவுக்குத்தான். மறுநாள் பேப்பரில் வந்தது: அடர்ந்த மூடுபனியில் டூலியின் வீர ஓட்டம், ஆங்கர்ஸ் வெற்றி.

டூலி நல்ல பையன், பேப்பர் ஆபீஸுக்கே போய் மறுத்தான். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள். வெரோனாவுக்கு வயிறு எரிந்தது. இம்ரோ முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு, "விடு, ரேடியோவிலே வந்துச்சே" என்றான்.

மாலை ஷிப்ட் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. கிரெகோர். பன்னிரண்டு மைல் பஸ்ஸில் வந்திருந்தார். கையில் அந்தப் பேப்பர், நான்காகக் கசங்கி.

"இதை எழுதினவன் குடிச்சிருந்தானா?" என்றார் உள்ளே வராமலே. "சங்கத்திலே எவன் எவனோ இதைக் கொண்டாந்து என் மூஞ்சிலே நீட்டுறான். டூலியாம். மூடுபனியாம்."

"மாமா, டூலிங்கிறது பொய். ஆனா மூடுபனி நிஜந்தான் மாமா. கையைக்கூடப் பார்க்க முடியலே."

"நீ சும்மா இரு பொண்ணு. நான் மூணு மணி நேரம் ரேடியோகிட்டே உக்காந்திருந்தேன். வெனபிள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பனின்னு சொன்னானா? தொப்பியோட கலரைச் சொல்றான், பனியைச் சொல்லமாட்டானா? எங்க ஊர்லே சுள்ளுன்னு வெயில்."

அவள் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். இம்ரோ அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் பேச்சை மாற்றினாள்.

"சங்கத்திலே என்ன மாமா சொன்னீங்க?"

"என்ன சொல்றது? என் மகன் சட்டையை இழுத்தப்போ இந்த ரேடியோவை நம்பினீங்கல்லடா, விழுந்து விழுந்து சிரிச்சீங்கல்லடா, இப்பவும் அதே ரேடியோதான்டா சொல்லுதுன்னேன். ஒருத்தன் வாயைத் திறக்கலே."

சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஐஸ் கட்டிய முட்டியை நெடுநேரம் பார்த்தார். முப்பது வருஷம் உலைக் கம்பி பிடித்த கையை அதன் மேல் மெதுவாக வைத்தார்.

"வலிக்குதாடா?"

"இல்லேப்பா."

"பொய் சொல்லாதே. உன் பொண்டாட்டி கண்டுபிடிச்சிடுவா" என்றார். பிறகு வெரோனா பக்கம் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு, "அவன் பேர்லே குத்தின அந்த ஊசி இருக்கா?" என்று கேட்டார்.

அவள் கைப்பையிலேயே இருந்தது. கூடவே, வெனபிள் பலகையிலிருந்து பிய்த்துக் கொடுத்த காகிதத் துண்டும் இருந்தது. ஹுடாக். அதில் ஊசி பட்ட ஓட்டை இரண்டே இரண்டு. கிரெகோர் துண்டைத் தொப்பியின் முன்பக்கம் வைத்து, அந்த ஊசியாலேயே குத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

போர் முடிந்தபிறகு வெனபிளே ரேடியோவில் அந்த மூடுபனிக் கதையைச் சொல்லிச் சிரித்தார். கிரெகோர் அதையும் கேட்டார். "வயசாயிடுச்சு அந்த ஆளுக்கு" என்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்பினார்.