போகியில் எரிந்த ஸ்லீவ்

போகியன்று காலை என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, பழைய பாய், ஓட்டை முறம் இவற்றோடு என் ஸ்லீவையும் நெருப்பில் போட்டாள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளை எடுத்து, கரண்டு என்கிற கதிர்வீச்சும் வைத்த பிறகு என் வலது கையில் நீர் கோத்துக்கொண்டது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுக்கிப் பிடிக்கும் அந்த ஸ்லீவ்தான் வீக்கம் ஏறாமல் காத்தது. என் கை அளவுக்கென்றே செய்து வாங்கியது. துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன்.

“பழசுன்னு நெனச்சிட்டேன் புள்ள” என்றாள்.

பொய். எனக்கு நோய் வந்ததிலிருந்து அவள் என்னைத் தொட்டதே இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். நோவுத் துணியைப் போகியில் கொளுத்தினால் நோவும் வீட்டை விட்டுப் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் ஆளுக்குப் பாதியில் குடியிருக்கிறோம். அவள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியாதா?

பொங்கல் முடிவதற்குள் கை வீங்கிவிட்டது. விரலை மடக்க முடியவில்லை. ரவிக்கையின் கைத்தையலைப் பிரித்துத்தான் போட்டுக்கொண்டேன். கை இப்படியே கெட்டித்துப்போனால் சோறு பிசையக்கூட இன்னொருத்தி தயவு வேண்டுமே என்று பயந்தேன். அவளை அதே நெருப்பில் பிடித்துத் தள்ளியிருக்கலாம் என்றும் நினைத்தேன். மாற்றிச் சொல்ல மாட்டேன்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மேடம், முதலில் தினமும் துணிக்கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்க வேண்டும், அப்புறம்தான் புது ஸ்லீவுக்கு அளவெடுக்க முடியும் என்றார். ஒற்றைக் கையால் நானே கட்டுவது சரிப்படாது, வீட்டில் யார் கட்டுவார்கள் என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

“எங்க அக்கா கட்டுவாங்க மேடம். எம்மேல அவ்ளோ பாசம்.”

எரித்தவள் எப்படி மறுப்பாள்? அவள் வீட்டுக்காரரே “போய்க் கத்துக்க” என்று அனுப்பிவிட்டார். எச்சில் இலையை எடுப்பவள்போல முகத்தை வைத்துக்கொண்டு கற்றாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவள் முன்னால் கையை நீட்டினேன். தோல் வெடிக்காமலிருக்க க்ரீம் தடவ வேண்டும். ஒவ்வொரு விரலாகச் சுற்ற வேண்டும். கீழே இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப்போகத் தளர்த்த வேண்டும். முதல் நாள் என் விரலைப் பிடித்தபோது மூச்சை அடக்கிக்கொண்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“மேல இறுக்குதுங்க அக்கா, பிரிச்சுக் கட்டுங்க” என்பேன். பிரிப்பாள். மறுபடி ஒரு குறை சொல்வேன். காரிமங்கலம் சந்தைக்கு அவள் பஸ் பிடிக்க வேண்டிய நாளில் குறைகள் கூடும். துணிகளைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, சுருட்டி வைப்பதும் அவள் வேலைதான். ஒட்டிக்கொள்ளும் என்றாயே, இப்போது ஒட்டட்டும் என்று உள்ளுக்குள் கறுவினேன்.

ஒரு மாதத்தில் கை இறங்கியது. அளவெடுத்தார்கள். ஒரு நாள் கட்டிலின் மேல் ஸ்லீவ் பார்சல் கிடந்தது. கணவர் வாங்கி வைத்திருப்பார் என்று நினைத்து, புடவைகளுக்கு அடியில் ஒளித்தேன்.

“இன்னும் வரலயா புள்ள?” என்பாள்.

“வரலைங்க அக்கா.”

இப்படியே இருபது நாள் கட்ட வைத்தேன்.

ஒரு காலை, சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

“பார்சல் வந்து இருவது நாளாச்சு. கொரியர்காரன் எங்கிட்டதான் குடுத்தான். நாந்தான் ஒங் கட்டலு மேல வெச்சேன்.”

“அப்பறம் ஏங்க தெனமும் கட்டறீங்க?”

“ஒனக்கு ஆத்திரம் தீரட்டுமுன்னுதான்.”

உடம்பெல்லாம் எரிந்தது. நான் கொடுத்த தண்டனையை அவள் எனக்குப் போட்ட பிச்சையாக்கிவிட்டாள். பழி வாங்குவதற்கும் இவள் மனசு வைக்க வேண்டுமா?

தோள் வரை கட்டி முடித்து எழுந்தாள்.

“சுண்டுவெரலு தளர்வா இருக்குதுங்க அக்கா” என்றேன். சரியாகத்தான் இருந்தது.

அது அவளுக்கும் தெரியும். மறுபடி உட்கார்ந்து, மேலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.