துடைத்துத் துடைத்துக் காலியான நூலகம்

அந்தப் பள்ளியின் லைப்ரரி டீச்சரைப் போலொரு சுத்தக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் போதும், "எந்திரிங்க, ஓடுங்க ஓடுங்க!" என்று பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக விரட்டிவிடுவாள். நாற்காலிகளை உள்ளே தள்ளி, கிடக்கிற புத்தகங்களை அலமாரியில் சொருகி, முந்தானையால் மேஜையை ஒரு துடை துடைத்து, ஒன்றும் தெரியாதவள் போல நிற்பாள். பெரிய மேடம் எட்டிப் பார்த்து, "பளிச்சுன்னு வச்சிருக்கீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு டீச்சருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்தப் பளிச்சுதான் அவளுக்கு உலை வைத்தது. ஒருநாள் மேடம் கூப்பிட்டனுப்பினார்.

"யாரும் வராத ரூமு சும்மாதான கிடக்கு. பரீட்சைப் பேப்பர் அடுக்க இடமில்லாம எல்லாரும் முட்டிக்கிறாங்க. நீங்க ஆபீஸ் வேலைக்கு வந்துடுங்க. வெள்ளிக்கிழமை டீச்சருங்க கூட்டத்துல சொல்லிடுறேன்."

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சரி மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள், சமர்த்து!

வீட்டுக்காரர் தையற்காரர். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் அழுது தீர்த்தாள். "யாருமே வர்றதில்லையாங்க! நிக்க இடமில்லாம பிள்ளைங்க படிக்குது. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலையா?"

அவர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "கண்ணுல என்ன குறை? அவங்க வர்றப்பல்லாம் நீதான பிள்ளைங்கள தொரத்துற? வெட்டுற துணியெல்லாம் ஒளிச்சு வச்சிட்டு நான் உக்காந்திருந்தா, எவன் என்கிட்ட தைக்கக் குடுப்பான்?"

வந்ததே கோபம்! குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. உண்மையைச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "ஒரே ஒரு தடவை இன்டர்வல்ல வாங்க மேடம்."

மேடம் வந்தார். டீச்சரின் கை பரபரத்தது. பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெஞ்சில் இடித்துக்கொண்டு பெண்பிள்ளைகள், ஒரே வரைபடப் புத்தகத்துக்கு இரண்டு பேர் இழுபறி, தரையெல்லாம் புத்தகமும் காலும். மேடத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. சன்னலோரம் இருந்த வாண்டு ஒன்று, தலையைத் தூக்காமலே, "கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றது.

டீச்சருக்கு உயிர் போய்விட்டது. மேடம் தள்ளி நின்றார். மணி அடிக்கும்வரை நின்றார். அப்புறம் விறுவிறுவென்று போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கணக்கு வாத்தியார் எழுந்து, "அந்தக் காலி ரூம் சாவிய யார்கிட்ட வாங்கணும் மேடம்?" என்று கேட்டார்.

"எது சார் காலி ரூமு? எனக்கே அங்க உக்கார இடமில்ல. நின்ன இடத்துலயும் தள்ளுங்கன்னுட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "இனிமே ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பீரியடு அங்கதான். பேப்பருக்கு என் ரூம்ல பாதிய எடுத்துக்குங்க. டீச்சர், தப்பு என்னோடது. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிட்டேன். உள்ள வரல."

கூட்டத்துக்கு நடுவில் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்! டீச்சர் எழுந்தாள். நன்றி சொல்லத்தான் எழுந்தாள். கை தானாகக் குவிந்தது.

"கூப்பிட்டதும் வந்தீங்களே மேடம்... அது போதும்."