போடாத கமா

சட்டை தைக்கும் ஆலையில் எல்லோரும் அவரைக் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை அடுக்கி மெஷின் கத்தியை ஓட்டினால் நூலிழை பிசகாது. பிசகியது இங்கிலீஷில்தான். சட்டையில் கறை பட்ட பாக்கெட்டுகளின் தையலை மட்டும் பிரிக்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து வந்த உத்தரவை, எல்லாப் பாக்கெட்டிலும் கறை என்று புரிந்துகொண்டு, நல்ல சட்டைகளையும் சேர்த்துப் பிரிக்க வைத்துவிட்டார். மேனேஜர் வாய்க்கு வந்தபடி பேசினார். அந்த ரோஷத்தில் அக்கா மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். வெளியே கொசுக்கடியில் காத்திருப்பானேன் என்று அவரும் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் அக்காவைவிட அவர்தான் மும்முரமாக வீட்டுப்பாடம் எழுதினார்.

அன்றைக்கு டீச்சர் 'தி' பற்றி ஆரம்பித்தார். "'எ' போட்டா யாரோ ஒருத்தர். 'தி' போட்டா, நமக்குத் தெரிஞ்ச அந்த ஆள்." பிறகு ஹூ, விச் என்று தொடங்கும் துணை வாக்கியங்களுக்கு வந்தார். "டாக்டரா இருக்கிற என் தம்பி நாளைக்கு வர்றான். இதை இங்கிலீஷ்ல எழுதும்போது நடுவுல ரெண்டு கமா போட்டா எனக்கு ஒரே தம்பின்னு அர்த்தம். போடலேன்னா வேற தம்பிங்களும் இருக்காங்க, அதுல டாக்டர் தம்பி வர்றான்னு அர்த்தம்."

பாக்கெட் உத்தரவில் கமா இல்லாததன் அர்த்தம் அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

குடும்பத்தைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார் டீச்சர். வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பலகையில் எழுதினார்: மை டாட்டர் ஹூ லிவ்ஸ் வித் மீ ஈஸ் எ நர்ஸ்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஒரே பொண்ணுதானே? ரெண்டு கமா போட்டுடுங்க."

சாக்பீஸ் பிடித்த கை பலகைவரை போனது. அங்கேயே நின்றது.

"இல்ல மேடம். சரியாத்தான் இருக்கு."

"சார் இன்னொண்ணை எங்கே ஒளிச்சு வச்சிருக்கார்?" என்று யாரோ கேட்க, வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து இத்தனை வருஷமாகப் பார்த்த வீட்டுக்காரரின் பிடரி, அது வேர்த்திருந்தது. இதையே தமிழில் சொல்லியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது.

வீடு வந்து சேர்ந்தபோது மகள் இல்லை, ஆஸ்பத்திரியில் டியூட்டி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அக்கா கேட்டார்: "யாரு அவ?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு பொண்ணு இருக்கா. உன்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி. அவ அம்மா குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நானும் தேடலை. போன மாசம் அந்தப் பொண்ணு டிப்போவுல விசாரிச்சு எனக்குப் போன் பண்ணினா. அம்மா தவறிட்டாங்களாம்."

'ஒரு பொண்ணு' அடுத்த மூச்சிலேயே 'அந்தப் பொண்ணு' ஆகிவிட்டது. அக்கா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கமாதானே? போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?" வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே திக்கென்றது.

"போடத்தான் போனேன். போட்டா அவ இல்லவே இல்லேன்னு நானே எழுதின மாதிரி ஆயிடும். கை வரலை."

மறுநாள் ஆலையில் அக்கா கத்தியைத் தொடவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, துணி மூட்டைகளுக்கு நடுவில் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் படுத்த மனுஷனுக்குள் இப்படி ஒரு கதவு இருந்து, அது தன் கண்ணில் படவே இல்லையே என்று மாய்ந்துபோனார். வீட்டுக்காரரோடு வெகுநாள் பேச்சில்லை. சோறு மட்டும் தட்டில் விழும்.

மகள்தான் வேறு மாதிரி இருந்தாள். விஷயத்தை அப்பா சொன்னதும் முதலில் பேயறைந்தவள் போல நின்றாள். பிறகு, "அப்போ எனக்கு ஒரு அக்கா இருக்காளா?" என்று கேட்டாள். அப்பாவிடம் நம்பரை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

வந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியலை," என்றாள் அக்காவிடம்.

"எனக்கும் தெரியலை. முதல்ல காபியைக் குடி."

அதற்கு இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். கடைசியில் விக்கல் போல இழுத்து முடிகிற சிரிப்பு. மகளின் அந்தச் சிரிப்பு தன் பிறந்த வீட்டு வழியில் வந்தது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார் அக்கா.

விருட்டென்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து வாசற்படியில் தயங்கினார்.

"போங்க," என்றார் அக்கா, திரும்பாமலே. "அவங்ககூட உட்காருங்க."