விளக்கின் முன் விட்ட முதல் சொட்டு

எங்கள் வீட்டில் எந்த மருந்தானாலும் முதல் சொட்டைச் சாமி விளக்கின் முன் விட்ட பிறகுதான் குடிப்போம்.

சென்ற மாதம் என் வீட்டுக்காரருக்குக் கடும் வயிற்றுவலி. பக்கத்து வீட்டுச் சிவகாமி, பொன்னமராவதிச் சந்தையில் வாங்கிய சீசா ஒன்றைத் தந்து, "எனக்கு இதுலதாங்க்கா வலி நின்னுச்சு" என்றாள். லேபிளில் மயில்மேல் முருகன், எழுத்தெல்லாம் இங்கிலீஷ். முருகனே இருக்கையில் வேறென்ன கேட்பது? கரண்டியில் ஊற்றிச் சுடரருகே சாய்த்தேன்.

குப்பென்று தீ எழுந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றேன். சிந்திய மருந்து தரையில் எரிந்து அணைந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சிவகாமி, "அய்யோ அக்கா, அது வயித்து மேல தடவுற தைலம்" என்றாள்.

இப்போதும் முதல் சொட்டு விளக்குக்குத்தான். ஆனால் குடிக்கவா, தடவவா என்று கேட்டுத் தெரிந்த பிறகே சீசாவைத் திறக்கிறேன். முருகனை இன்னொரு முறை அப்படி வரவழைக்க எனக்குத் துணிவில்லை.