சூட்டோடு மூடிய புரியாணி

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தங்கச்சியின் புது மாப்பிள்ளையை வாடகைக் காரில் இங்கினியாகலைக் குளம் பார்க்க அழைத்துப்போக, மணிக்கணக்காகத் திட்டம் எழுதினேன்.

"புரியாணி ஆறட்டும் மகன்," என்றார் உம்மா. நேரம் போகுதென்று சூட்டோடு மூடிக் கட்டி டிக்கியில் வைத்தேன்.

பகல், குளக்கட்டில் குடும்பமாக, எல்லோரும் ஒன்றாகக் கைபோட்டுத் தின்னும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வாய்வைக்காமல் யாரும் தொடமாட்டோம். மரியாதைக்காக மூன்று பிடி விழுங்கியவர், எழும்பி ஓடி வாந்தியெடுத்தார். சோறு கொழகொழத்து நூலிழுத்தது. ஒரே புளித்த நாற்றம்.

"சோறு ஆறுற நேரத்த அந்தப் பேப்பர்ல எழுதல்லியா மகன்?" என்றார் உம்மா.

மாலைக்குள் மச்சான் தேறியது அல்லாஹ்வின் காவல். இப்போதெல்லாம் பயணத்தாளில் முதல் வரியாகச் சோறு ஆறும் நேரத்தைத்தான் எழுதுகிறேன்.