கோஜிப் பழமும் ஒரு கேள்வியும்

செடி விக்கிறவைக்குச் செடியைப் பற்றித் தெரிஞ்சால் போதும் எண்டு நினைச்சுத்தான் நானும் இந்தத் தொழிலுக்கை காலை வைச்சன். சந்தையிலை நிண்டு வித்த ஆக்களுக்கு என்ரை பாடு விளங்கும். வாங்க வாறவை ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவினம், சொல்லவேண்டியதை மட்டும் சொல்லாயினம்.

வேலிக்கு மேலாலை வந்த தொழில்

வேலை பறிபோய் வீட்டிலை குந்தியிருந்த நேரம், லண்டன் வால்தம்ஸ்டோவிலை எங்கடை பக்கத்து வீட்டுச் சீனத்து மனிசி மிஸிஸ் சென் வேலிக்கு மேலாலை நாலு கோஜித் தடி நீட்டினா. அந்தச் சிவத்தப் பழத்தை அவையள் காயவைச்சுத் தேத்தண்ணியிலையும் சூப்பிலையும் போடுவினம், கண்ணுக்கு நல்லதெண்டு பரம்பரையாச் சொல்லுவினம். தடி ஊண்டுறது, கொப்பு வெட்டுறது, பழம் காயவைக்கிறது எல்லாம் அவதான் காட்டித் தந்தா. இண்டைக்குச் சனிக்கிழமைச் சந்தையிலை எனக்கொரு கடை இருக்கெண்டால் அவவாலைதான், அந்த மனிசியைக் கையெடுத்துக் கும்பிடவேணும். முதல் நாள் நான் வெளிக்கிடேக்கை அவ இறுக்கிச் சொன்னது ஒண்டுதான்: "இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுற ஆளோ எண்டு கேளாமல் ஒருத்தருக்கும் பழம் குடுக்காதை."

பூக்காத செடி

என்னட்டைச் செடி வாங்கின ராணி அக்கா அப்டன் பார்க்கிலையிருந்து சண்டைக்கு வந்தா. ரெண்டு வருசமா ஒரு பழமும் இல்லையாம். வெயில் படுதோ, தண்ணி விடுறியளோ எண்டு குடைஞ்சு குடைஞ்சு கேட்டன், எல்லாம் சரி. கடைசியிலைதான் கதை வெளியிலை வந்தது: கொழுந்து வரவர ஆய்ஞ்சு, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்திருக்கிறா! இலையைச் சீனரும் சாப்பிடுறவைதான், ஆனால் செடிக்கும் கொஞ்சம் மிச்சம் விடவேணுமெல்லே. அக்கா அசையேல்லை. "பழம் வராட்டில் போகட்டும் பிள்ளை, இவர் வறையை விடமாட்டார். இன்னும் ரெண்டு செடி தா."

சம்பந்திக்கு முன்னாலை

சிவலிங்கம் அண்ணை காய்ஞ்ச பழம் ஒரு பை கேட்டார். குளிசைக் கேள்வியைக் கேட்டன். "சீச்சீ, எனக்கொரு வருத்தமும் இல்லை" எண்டு நெஞ்சை நிமித்தினார். பக்கத்திலை நிண்டவ அவற்றை மகளைப் பொம்பிளை கேட்டிருக்கிற வீட்டு அம்மா எண்டு எனக்கென்ன தெரியும்? மனிசன் இருதய வால்வு மாத்தி, இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்பரின் குளிசை போடுறவர். வருத்தம் தெரிஞ்சால் சம்பந்தம் குழம்பிப்போம் எண்டு மறைச்சுப்போட்டார்.

ஒரு கிழமையா அந்தப் பழம் போட்ட தேத்தண்ணி நாளுக்கு மூண்டு கோப்பை குடிச்சிருக்கிறார். பழம் குளிசையின்ரை வேகத்தைக் கூட்டிப்போட்டுது, மூக்காலை வந்த இரத்தம் நிக்கேல்லை. நான் பையிலை தமிழிலை எழுதி ஒட்டியிருந்த குளிசை எச்சரிக்கையைப் பெண்சாதி வாசிச்சிட்டு, அந்தப் பையோடையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறா. நல்ல காலம், காப்பாத்திப்போட்டினம்.

அடுத்த மாதம் அண்ணை பெண்சாதியோடையும் அந்தச் சம்பந்தி அம்மாவோடையும் கடைக்கு வந்தார். "பிழை என்னிலைதான் பிள்ளை, வார்பரின் போடுறதை ஒளிச்சுப்போட்டன். நீ ஒட்டின துண்டுதான் என்ரை உயிரைக் காப்பாத்தினது" எண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. சம்பந்தி அம்மா முன்னுக்கு வந்தா. கடவுளே, பிள்ளையின்ரை கலியாணம் கவிழப்போகுது எண்டு பயந்துபோனன். அவ மெதுவாய்ச் சொன்னா: "எங்கடை இவரும் அதே குளிசைதான் போடுறவர். உங்களுக்குத் தெரியப்படாதெண்டு நாங்களும் ஒளிச்சுக்கொண்டுதான் திரிஞ்சனாங்கள்."

இப்ப நான் ஆளை ஓரமாய்க் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள்ளை கேட்டிட்டுத்தான் பழம் நிறுக்கிறன்.