மூன்று விரல் கண்ணாடியில் முழுச் சுரங்கம்

விளக்கொளியில் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டுகிற மாஜிக் லாந்தருக்குக் கண்ணாடிப் படம் எழுதுகிற தொழிலில், சபையார் கைதட்டினால் அது பேசினவருக்கு, கொட்டாவி விட்டால் அது எழுதினவனுக்கு. இதில் அகப்பட்டுக்கொண்ட அன்பர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

நான் தங்கவயல் சுரங்கமொன்றில் பிளான் வரைகிறவன். எங்கள் சர்வே துரை, என்ஜினீயர் துரைமார் கூடுகிற சபையில் பேசவிருந்தார். எங்களுக்குப் பக்கம் பக்கமாக இரண்டு ஷாஃப்ட், அதாவது ஆள் இறங்குகிற கிணறு. ஒன்றில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டு நின்றுபோனால் கீழே இருப்பவன் மற்றதில் ஏறி வர, நடுவே ஒரு வழி குடைந்து ஏணியும் போடவேண்டும் என்பது அவர் கட்சி. சுரங்கத்துக்கே மேலான பெரிய துரை தலையாட்டினால்தான் நடக்கும். என் மனைவியின் தம்பி முனுசாமி அந்த ஷாஃப்டின் அடி லெவலில், கடைசித் தட்டில்தான் ஷிப்ட் பார்க்கிறான். அதனால் துரையைவிட எனக்குத்தான் கவலை அதிகம்.

எல்லாம் இருக்கவேண்டும்

எங்கள் ஆபீஸில் வடக்குக் குறி, அளவுகோல், ஒவ்வொரு லெவலின் ஆழம், வரைந்தவன் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து இத்தனையும் இல்லாமல் ஒரு பிளான் வெளியே போகாது. போனால் ஹெட் டிராப்ட்ஸ்மன் நாயுடு உயிரை வாங்கிவிடுவார். அந்தப் பழக்கத்தில் மூன்று விரல் அகலக் கண்ணாடியிலும் அத்தனையையும் நுணுக்கி எழுதினேன். துரைக்குப் பரம திருப்தி. பேசவேண்டியதையும் ஓரத்தில் எழுதச் சொன்னார், மறந்தால் படித்துக்கொள்ளலாமாம்.

லாந்தர் ஓட்டும் ஆரோக்கியம், ஆண்டர்சன்பேட்டையில் தன் வீட்டு ஜன்னலுக்குப் பட்டப்பகலில் கம்பளி கட்டி ஒத்திகை காட்டினான். துரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோடு மூக்கை ஒட்டி, வரி விடாமல் வாசித்தார். அவர் போனதும் ஆரோக்கியம் சொன்னான்: "பேச வர்றாருன்னு சொன்னீங்க, இவரு படிக்கத்தான வந்துகீறாரு."

பாறைக்கு நிறம்

படம் வெறிச்சென்று இருப்பதாகத் துரைக்குக் குறை. பாறைக்கு ஒரு நிறம், தங்க ரேகைக்கு ஒரு நிறம், வெட்டி முடித்த இடத்துக்குச் சிவப்பு என்று காகிதத்துக்குப் பூசுகிற மாதிரியே கெட்டியாகப் பூசினேன். காகிதத்தில் வெளிச்சம் மேலே விழும், கண்ணாடியில் ஊடே வரவேண்டும் என்பது யாருக்குத் தோன்றியது? மறு ஒத்திகையில் சுவரெல்லாம் தார் பூசினாற்போல் ஒரே கறுப்பு. நிறம் பூசாத ஷாஃப்ட் இரண்டும் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன.

போதாக்குறைக்கு, லாந்தர் படத்தைக் கவிழ்த்துக் காட்டுமென்பதால் தலைகீழாகச் சொருகவேண்டிய கண்ணாடியை ஆரோக்கியம் நேராகச் சொருகிவிட்டான். ஷாஃப்ட் இரண்டும் வானத்தைப் பார்க்க ஏறிப்போயின. ஷிப்ட் முடித்து வந்திருந்த முனுசாமி அதை நிதானமாகப் பார்த்தான். "இன்னா மாமா, இத்தினி நாளா கீழ போறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன், மேலோகத்துக்கா போய்க்கினு இருந்தேன்?"

துடைத்த கண்ணாடி

அவன் சிரித்தான். எனக்கோ அந்த இரண்டு வெள்ளைக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. பூசினதையெல்லாம் துடைத்துவிட்டு, கறுப்புக்கு நடுவே வெள்ளையாக இரண்டு ஷாஃப்ட், ஒன்றின் அடியில் எறும்பளவு ஓர் ஆள், அவ்வளவுதான் எழுதினேன். கையெழுத்தில்லாததைப் பிளான் என்று நாயுடு ஒப்பவே இல்லை. துரையும் முகத்தைச் சுளித்து, நடுவில் வழியையாவது போடு என்றார். அது அடுத்த கண்ணாடியில் வரட்டும் என்று கெஞ்சிச் சம்மதிக்கவைத்தேன்.

சபையில் கண்ணாடி ஏறியது. படிக்க ஒன்றுமில்லாததால் துரை வேறு வழியின்றிச் சபையைப் பார்த்துத் திரும்பினார். கூண்டு நின்றால் அந்த ஆள் கதி என்ன என்று தன் வாயாலேயே சொல்லத் தொடங்கினார். முன்வரிசையில் வழக்கமாகத் தூங்குகிற பெரிய துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலீஷில் அவர் கேட்டதன் அர்த்தம் இதுதான்: "அந்த ஆள் வெளியே வர வழி எங்கே?"

முனுசாமியின் தீர்ப்பு

அடுத்த கண்ணாடி பதில் சொல்லிற்று. வழியும் குடைந்தார்கள், ஏணியும் போட்டார்கள். ஒருநாள் கூண்டு பாதியில் நின்றேவிட்டது. நான் விழுந்தடித்து ஓடி மற்ற ஷாஃப்டின் வாயில் நின்றேன். ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். முனுசாமியின் தலை தெரிந்ததும் அழுதுவிட்டேன், அதில் வெட்கமொன்றுமில்லை. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தான். "படத்துல ஒரு கோடுதான் மாமா போட்டீங்க, ஏறி வந்தா முட்டி கழண்டுக்கினு பூடுது."

ஆகவே அன்பர்களே, கண்ணாடியில் இடம் மிச்சமிருந்து கை அரித்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்ளுங்கள், முட்டிவலிக்கு மட்டும் நாம் ஜவாப்தாரியில்லை.